கரண்ட் கம்பம் தடையா, அடையாளமா? ஸ்மார்ட் ஸ்டிக் செய்யப் போகும் மாணவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நாகர்கோவில் பக்கம் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறீர்கள். நண்பர்கள் சேர்ந்து, பார்வையற்றவர்களுக்கு ஒரு ‘ஸ்மார்ட் ஸ்டிக்’ செய்யப் போகிறீர்கள். அல்ட்ராசானிக் சென்சார் (காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பித் தூரம் அளப்பது), தண்ணீர் சென்சார், ஜி.பி.எஸ்., அவசர பட்டன், முடிந்தால் கேமரா. எந்த சென்சார் வாங்கலாம், இன்னும் என்ன வசதி சேர்க்கலாம் என்று கேட்கிறீர்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. பார்வையற்றவர்களுக்குக் கோல் பிடித்துத் தனியாக நடக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. எங்கள் துறையில் மொபிலிட்டி டிரெய்னிங் என்போம். குமரி மாவட்டத்துத் தெருக்களில் அவர்களுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நடந்தே பல வருடம் கழிந்திருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் உங்கள் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருக்கிறது: கண் தெரியாத ஒருவர் வீட்டு நடையிறங்கி, பஸ் ஏறி, வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் எந்த இடத்தில் அவருடைய சாதாரணக் கோல் போதாமல் போகிறது? அது தெரிந்துவிட்டால் எந்த சென்சார் என்பது பெரிய கேள்வியே இல்லை.

அந்தச் சாதாரணக் கோலை முதலில் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக, அமெரிக்காவில் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் 1944-45 வாக்கில் நீளமான, எடை குறைந்த கோலையும் அதை வீசி நடக்கும் முறையையும் வகுத்தார். இன்றும் நாங்கள் சொல்லிக்கொடுப்பதன் அடிப்படை அதுதான். வலது கால் முன்னே போகும்போது கோல் நுனி இடப்பக்கம் தட்டும். இடது கால் போகும்போது வலப்பக்கம் தட்டும். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுகிறது. தார் ரோடா, சல்லியா, மண்ணா, ஓடையின் சிலாப்பா என்று கை அறிந்துகொள்கிறது. தட்டும் சத்தம் மதிலில் பட்டுத் திரும்புவதற்கும், திறந்து கிடக்கும் கேட்டுக்குள் போய் அடங்குவதற்கும் உள்ள வித்தியாசம் பழகிய காதுக்குத் தெரியும். எதிரே வரும் வண்டிக்காரருக்கு இவர் பார்வையற்றவர் என்றும் அந்த வெள்ளை நிறம் சொல்லிவிடுகிறது. பேட்டரி தீராது, மழையில் கெடாது.

கல்லூரி ப்ராஜெக்ட் என்று நான் பார்த்தவற்றில் பல பி.வி.சி. குழாயில் செய்தவை. அடியில் சென்சார், நடுவில் அதை இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டு உள்ள பெட்டி, மேலே பேட்டரி. தட்டிப் பார்த்தால் தரையிலிருந்து கைக்கு ஒரு சேதியும் வராது. எடை கூடியிருப்பதால் கொஞ்ச தூரம் வீசி நடந்ததுமே மணிக்கட்டு வலிக்கும். கோல் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையைப் பறித்துவிட்டு, அதில் ஒரு சிறு பகுதியை பீப் சத்தமாகத் திருப்பிக் கொடுக்கும் கருவி அது. இதை எந்தப் பார்வையற்றவரும் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார். பிள்ளைகள் ஆசையாகச் செய்து கொண்டுவந்திருக்கிறார்களே என்று வாங்கி வைத்துக்கொள்வார். மறுநாள் பழைய கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால் இதை நான் சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நான் பயிற்சி கொடுத்த ஒருவருடைய வழியைச் சொன்னால் விளங்கும். வீட்டிலிருந்து இறங்கியதும் இடப்பக்கம் மதில். மதில் முடியும் இடத்தில் ஒரு கரண்ட் கம்பம். அதைக் கோலால் தட்டி, இடது கையால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் சானல்கரை ரோட்டுக்கு, அதாவது கால்வாய்க்கரை ரோட்டுக்குத் திரும்புவார். அங்கிருந்து தண்ணீர்ச் சத்தம் எப்போதும் இடப்பக்கம் வரவேண்டும். கலுங்கு வரும்போது, அதாவது சானல் மேலுள்ள சின்னப் பாலம் வரும்போது, ரோடு லேசாக ஏறி இறங்கும். கலுங்கு தாண்டினால் மாவு மில். மில் சத்தமும் மிளகாய் நெடியும் வந்துவிட்டால் மெயின் ரோடு பக்கம். அதைக் கடந்தால் பஸ் ஸ்டாப். இப்படி ஒரு வழி முழுவதும் அவருக்குள் இருக்கிறது. மாணவர்கள் செய்த ஒரு கோலை அவர் வாங்கி நடந்து பார்த்தார். மதிலை ஒட்டி நடந்த நேரம் முழுக்க அது அதிர்ந்துகொண்டே இருந்தது. கம்பத்துக்கு முன்னால் இன்னும் வேகமாக அதிர்ந்தது. அவர் நின்றுவிட்டார். “கம்பத்தத் தேடித்தான் மக்ளே நான் வாறேன், இது என்னைய அங்கோட்டுப் போக விடமாட்டேங்குதே” என்றார்.

கருவிக்கு அந்தக் கம்பம் தடை. அவருக்கு அது அடையாளம். கண்ணுள்ளவர் கற்பனையில், பார்வையற்றவர் நடக்கும் தெரு முழுக்க இடித்துக்கொள்ளும் பொருள்களாகத் தெரிகிறது. அதனால் எல்லாவற்றிலிருந்தும் அவரை விலக்கிவிடவேண்டும் என்று தோன்றுகிறது. நடப்பவருக்கோ மதிலும் கம்பமும் படியும் ஓடைத் திட்டும் கைப்பிடிகள். அவற்றைத் தொட்டுத் தொட்டுத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவர் தெரிந்துகொள்கிறார். எங்கள் பயிற்சியில் இரண்டு பாதி உண்டு: தான் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று அறிவது ஒன்று, விழாமல், இடிக்காமல் நடப்பது மற்றொன்று. மாணவர் ப்ராஜெக்ட்கள் இரண்டாவதிலேயே நின்றுவிடுகின்றன. நான் பார்த்தவரை, ஆட்கள் தனியாகக் கிளம்பத் தயங்குவது முதலாவதற்காகத்தான். இடித்தால் வலிக்கும், அவ்வளவுதான். வழி தவறி, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் நிற்பதுதான் பயம். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமையும் கரண்ட் போன நேரத்திலும் தடுமாறுவார், மில் ஓடாது என்பதால். அந்த நேரம் “கலுங்கு தாண்டியாச்சு” என்று ஒரு குரல் சொன்னால் போதும். உங்கள் தொழில்நுட்பத்துக்கு அங்கே இடம் இருக்கிறது.

இனி, கோல் போதாத இடங்கள். கோல் இடுப்புக்குக் கீழேதான் தேடும். இடுப்புக்கு மேலே இருக்கிற எதுவும் அதில் தட்டாது: கம்பத்தை இழுத்துக்கட்டிய ஸ்டே கம்பி, நிறுத்தியிருக்கும் லாரியின் பின்கதவு, பஸ்ஸின் பக்கக் கண்ணாடி, வெளிப்பக்கம் திறந்த ஜன்னல், கடை முன்னால் தாழ்ந்திருக்கும் தகரம், திருவிழாவுக்குச் சாய்த்துக் கட்டிய மூங்கில். நெற்றியில் தழும்பு உள்ள பார்வையற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இந்தப் பட்டியலில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஆகவே சென்சார் வைத்தால் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, மேல்நோக்கிச் சாய்த்து, இடுப்பிலிருந்து தலை வரைக்கும் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. டெல்லி ஐ.ஐ.டி.யில் இதே யோசனையில் ‘ஸ்மார்ட்கேன்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். சக்ஷம் டிரஸ்ட் என்ற அமைப்பும் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனமும் சேர்ந்து உழைத்து, 2014-இல் அது வெளிவந்தது. சாதாரண மடக்குக் கோலின் மேல்பகுதியில் மாட்டிக்கொள்ளும் ஒரு பிடி அது. அல்ட்ராசானிக் முறையில் முழங்காலிலிருந்து தலை உயரம் வரை உள்ள பொருள்களை அதிர்வால் தெரிவிக்கும். தெருவில் மூன்று மீட்டர் வரை, வீட்டுக்குள் 1.8 மீட்டர் வரை என்று இரண்டு நிலை வைத்தார்கள். வீட்டுக்குள் மூன்று மீட்டருக்குப் பார்த்தால் நாலு பக்கமும் அதிரும் என்பதால்தான் அந்த இரண்டாம் நிலை. நீங்கள் புதிதாகத் தொடங்குமுன் அதைக் கையில் வாங்கி ஒரு நாள் நடந்து பார்ப்பது நல்லது.

நீங்கள் குறிப்பிட்ட ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சாருக்கு வருகிறேன். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும், 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை, சுமார் 15 டிகிரி கோணத்தில் பார்க்கும். மூன்று மீட்டரில் உள்ள பொருளிலிருந்து எதிரொலி திரும்ப ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட்தான் ஆகும், வேகத்தில் குறையில்லை. குறை வேறு இடத்தில். சாய்வாக நிற்கும் வழவழப்பான பரப்பில் ஒலி பட்டால் வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். கார் கதவும் கண்ணாடிச் சுவரும் அப்படி ஏமாற்றும். தொங்கும் துணி ஒலியை விழுங்கும். மெல்லிய ஸ்டே கம்பியிலிருந்து வரும் எதிரொலி மிகவும் பலவீனமாக இருக்கும். மேசை மேல் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து ‘வேலை செய்கிறது’ என்று முடித்துவிடாமல், உங்கள் கல்லூரி வாசலிலுள்ள ஸ்டே கம்பியிடம் பலவிதக் கோணத்தில் கொண்டுபோய்ச் சோதியுங்கள். அதோடு அந்த சென்சாரின் இரண்டு கண்களும் திறந்தவை, தண்ணீர் ஆகாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04டி என்ற தண்ணீர் புகாத வகை உண்டு. அதற்கு 20-25 செ.மீ.க்குள் உள்ள பொருள் தெரியாது, ஆனால் தலை உயரத் தடைக்கு அந்தக் குறை பரவாயில்லை. வி.எல்.53எல்1எக்ஸ் போன்ற லேசர் சென்சார் சிறியது, இருட்டில் நாலு மீட்டர் வரை அளக்கும். நம் ஊர் நடுமத்தியான வெயிலில் அந்தத் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டில் ஒன்று என்றால் தண்ணீர் புகாத அல்ட்ராசானிக்கைத்தான் நான் எடுப்பேன். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும் என்பதால், சால்டர் செய்த இடங்களைக் கோட்டிங் போட்டு மூடுங்கள்.

பள்ளத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நம் மாவட்டத்தில் இது உயிர்ப் பிரச்சினை. அனந்தனார் சானல் போல ஊருக்குள்ளேயே ஓடும் சானல்களின் கரையில் எத்தனையோ இடத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது. சிலாப் போன ஓடைகளும் நிறைய. அதனாலேயே இதில் அரைகுறைக் கருவி வேண்டாம் என்கிறேன். வீசிக்கொண்டே இருக்கும் கோலில் மாட்டிய சென்சாருக்குத் தரையின் தூரம் ஒவ்வொரு வீச்சுக்கும் மாறும். பொய் எச்சரிக்கை வராமல் செய்யப்போனால் உண்மைப் பள்ளம் தவறும். உண்மைப் பள்ளம் தவறக்கூடாது என்று பார்த்தால் பொய் எச்சரிக்கை பெருகும். கொஞ்ச நாளில் அவர் அதைக் கவனிப்பதையே விட்டுவிடுவார். சரியான நீளமுள்ள கோலைச் சரியாக வீசும்போது நுனி பள்ளத்தில் இறங்குவதைவிட நம்பகமான பள்ள எச்சரிக்கையை நான் இன்னும் பார்க்கவில்லை. நெஞ்செலும்பின் அடிமுனை வரைக்கும் எட்டும் நீளம் என்பது பொதுக் கணக்கு. வேகமாக நடப்பவருக்கு இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும். கைக்குக் கிடைத்த கோலை, உயரம் பார்க்காமல் வைத்துக்கொண்டு நடப்பவர்கள் அநேகம். நுனியில் வைக்கும் தண்ணீர் சென்சாரையும் விட்டுவிடுங்கள். நுனி நனைந்த பிறகுதான் அது சொல்லும். அதற்குள் சளக்கென்ற சத்தமே அவருக்குச் சொல்லியிருக்கும்.

கருவி கண்டுபிடித்ததை மனிதருக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிடவேண்டும். பேச்சோ பீப் சத்தமோ காதை எடுத்துக்கொள்கிறது. பார்வையற்றவர் ரோடு கடப்பதே காதால்தான். எந்தப் பக்கம் வண்டி, வருகிறதா போகிறதா, வேகம் குறைகிறதா என்பதெல்லாம் ஒலியில் இருக்கிறது. சத்தமில்லாத எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் வந்தபிறகு அவர்கள் இன்னும் கூர்ந்து கேட்கவேண்டியிருக்கிறது. மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தின் அடியில் நின்று கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். ஒலி மேலே பட்டுத் திரும்பி எல்லாத் திசையிலிருந்தும் வருவதுபோல் இருக்கும். ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று வீசும்போது பக்கத்தில் வரும் பஸ்கூடப் பிந்தித்தான் கேட்கும். அந்த நிலையில் காதுக்குள் இயர்போனை வைத்து அடைப்பது ஆபத்து. பேச்சு அவசியம் என்றால் காதுத் துளையை மூடாமல் எலும்பு வழியே ஒலி கடத்தும் ஹெட்போனில் கேட்கலாம், அதுவும் நின்றபிறகு, கேட்டால் மட்டும்.

அப்படியானால் அதிர்வுதானே வழி என்பீர்கள். பெரும்பாலும் ஆம். ஆனால் சர்க்கரை நோயால் பார்வை போனவர்கள் இப்போது நிறையப் பேர் எங்களிடம் வருகிறார்கள். அதே நோய் நரம்பையும் பாதிக்கும். முதலில் பாதத்தில் உணர்ச்சி குறையும், முற்றினால் விரல்களுக்கும் வரும். அப்படி ஒரு அம்மாவிடம் அதிரும் பிடியைக் கொடுத்தால், வலுவான அதிர்வு மட்டும் தெரிகிறது, மற்றவை தெரியவில்லை என்பார். இருபது வயதுக் கைக்குத் தெளிவாகத் தெரியும் ஐந்து வகை அதிர்வு அவருக்கு ஒன்றாகிவிடும். ஆகவே வகைகளைக் குறையுங்கள்: தூரத்தில் இருக்கிறது, கிட்ட வந்துவிட்டது என்ற இரண்டு போதும். அதிர்வின் பலத்தை அவரே கூட்டிக் குறைக்க ஒரு திருகு வையுங்கள். தட்டிப் பார்த்தே எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும் சுவிட்ச் வையுங்கள், தொடுதிரை வேண்டாம். கைகளின் கணக்கையும் மறக்காதீர்கள். ஒரு கையில் கோல், மழைநாளில் மறு கையில் குடை. குடைமேல் விழும் மழைச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. செல்போனைக் கையில் பிடித்தால்தான் வேலை செய்யும் எந்த ஆப்பும் அன்றைக்கு உதவாது.

ஜி.பி.எஸ்.ஸைப் பற்றி எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போனின் துல்லியம் பொதுவாக 4.9 மீட்டர் வட்டத்துக்குள் என்று அமெரிக்க அரசின் ஜி.பி.எஸ். தளமே சொல்கிறது. நம் ஊர்ச் சந்துகளின் மொத்த அகலமே பல இடத்தில் அதைவிடக் குறைவு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே போகும் ரோட்டில் மரங்களால் அது இன்னும் மோசமாகும். ரோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அது சொல்லாது. நின்ற இடத்தில் நிற்கும்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதையும் சொல்லாது. அதற்குப் போனிலுள்ள காந்தத் திசைகாட்டியை நம்பவேண்டும். பக்கத்தில் இரும்பு கேட்டோ வேனோ இருந்தால் அதுவும் பிசகும். ‘இருபது மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்’ என்பதைக் கேட்டு ஒருவர் கலுங்குக்குப் பதிலாகச் சானலுக்குள் திரும்பிவிடக்கூடாது. ஆகவே கட்டளை கொடுக்காதீர்கள், தகவல் கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட ‘சவுண்ட்ஸ்கேப்’ ஆப் இதில் நல்ல முன்மாதிரி. ‘திரும்பு, நில்’ என்று அது ஆணையிடாது. போகவேண்டிய இடம் இருக்கும் திசையிலிருந்தே ஒரு ஒலி வருவதுபோல் கேட்கச் செய்யும், சுற்றியுள்ள கடைகளையும் சந்திப்புகளையும் சொல்லும், முடிவு நடப்பவருடையது. 2023-இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். மூலநிரலைப் பொதுவில் வைத்திருப்பதால் நீங்கள் எடுத்துப் படிக்கலாம்.

நான் உங்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. அவரோ வீட்டாரோ ஒருமுறை நடந்து, ‘கலுங்கு’, ‘மில்’, ‘சர்ச் கேட்’ என்று தங்கள் குரலிலேயே பதிந்து வைக்க ஒரு வசதி. மறுமுறை அந்த இடத்தை நெருங்கும்போது அதே குரல் மெதுவாகச் சொல்லவேண்டும். ஐந்து மீட்டர் பிசகினாலும் இதற்குக் கெடுதல் இல்லை, ஏனென்றால் கடைசி ஐந்து மீட்டரைக் கோல் பார்த்துக்கொள்ளும். வெட்டூர்ணிமடம், இரணியல், அழகியபாண்டியபுரம் போன்ற பெயர்களை மெஷின் குரல் ஆங்கில எழுத்திலிருந்து படித்துக் குதறும் தொல்லையும் இல்லை. கூடவே, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஊர்ச் சந்துகளையும் பஸ் ஸ்டாப்புகளையும் சேர்த்துவிட்டால், ப்ராஜெக்ட் முடிந்தபிறகும் அது எல்லோருக்கும் இருக்கும்.

கேமராவும் செயற்கை நுண்ணறிவும் பற்றி எனக்கு உறுதி குறைவு. வீட்டில் உட்கார்ந்து மருந்து அட்டையைப் படிக்க, ரூபாய் நோட்டைப் பார்க்க, கடிதத்தின் பொருள் அறிய இவை பெரிய உதவி. இதை என்னிடம் வருகிறவர்கள் தினமும் செய்கிறார்கள். நடக்கும்போது எவ்வளவு உதவும் என்பது இன்னும் தீராத கேள்வி. நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நடப்பவருக்கு, படம் இணையத்துக்குப் போய்ப் பதில் வர இரண்டு நொடி ஆனால் அவர் அந்த இடத்தைத் தாண்டியிருப்பார். கருவிக்குள்ளேயே கண்டுபிடிக்க வைத்தால், மாணவர்கள் வழக்கமாக எடுப்பது கோகோ என்ற படத் தொகுப்பில் பழக்கிய மாடலை. அதன் 80 வகைப் பொருள்களில் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் உண்டு. ஆட்டோ கிடையாது, திறந்த ஓடை கிடையாது, குழி கிடையாது. நம் ரோடுகளுக்கு ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. வெளியிட்ட இந்தியா டிரைவிங் டேட்டாசெட் பொருத்தம், அதில் ஆட்டோ தனி வகையாகவே இருக்கிறது. ஆனாலும் அது வண்டி ஓட்டும் கோணத்தில் எடுத்த படங்கள். ரோட்டோரம் கோலுடன் நடப்பவரின் கோணத்தில் நீங்களே படம் சேர்க்கவேண்டியிருக்கும். இன்னொன்றையும் நான் முடிவாகச் சொல்லமாட்டேன்: சின்ன வயதிலேயே பேசும் கருவியுடன் நடந்து பழகும் குழந்தைக்குக் காதும் கோலும் தரும் அறிவு முழுதாக வளருமா என்பது. என் மாணவர்களுக்கு முதலில் வெறும் கோல், தேர்ந்தபிறகு கருவி என்ற வரிசையை நான் மாற்றுவதில்லை.

அவர்களைக் கேட்டால் பெரும்பாலும் முதலில் வருவது பஸ்தான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர் பெயரைக் கூவும்வரை சிக்கல் இல்லை. வழியோர ஸ்டாப்பில் நிற்கும்போது வருவது எந்த பஸ், அது நம் முன்னால் நிற்கிறதா, இருபதடி தள்ளி நிற்கிறதா, வாசல் எங்கே என்பதெல்லாம் பக்கத்தில் நிற்பவரின் தயவில் இருக்கிறது. யாரும் இல்லாத நேரத்தில் பஸ் வந்து போய்விடும். டெல்லி ஐ.ஐ.டி. குழு இதற்கும் ‘ஆன்போர்ட்’ என்று ஒன்று செய்து, டெல்லியிலும் மும்பையிலும் பஸ்களில் சோதித்தது: பயணி கையிலுள்ள கருவியின் பட்டனை அழுத்தினால் அருகில் வரும் பஸ்ஸின் எண்ணைத் தெரிந்துகொள்ளலாம், வேண்டிய பஸ் என்றால் வாசல் பக்கமுள்ள ஒலிபெருக்கி பேசும், அந்தக் குரலை நோக்கி நடந்து ஏறலாம். போக்குவரத்துக் கழகத்தின் அனுமதி இல்லாமல் இதை முழுதாகச் செய்ய முடியாது. ஒரு மினி பஸ் உரிமையாளரிடம் பேசி, ஒரே வண்டியில், ஒரே வழித்தடத்தில் புளூடூத் வைத்துச் செய்து காட்டுவது மாணவர்களால் ஆகிற காரியம். தலை உயரத் தடை, பஸ் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கமுடியும் என்றால் பஸ்ஸை எடுங்கள் என்பேன்.

பார்வையற்றவர் என்றால் முழு இருட்டு என்று எண்ணவேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நல்ல கண்ணில் கண்ணாடி போட்டும் பார்வை 3/60-க்குக் கீழே (மற்றவர் 60 மீட்டரிலிருந்து காண்பதை 3 மீட்டருக்கு வந்தாலும் காணமுடியாத நிலையில்) இருந்தாலோ, பார்வைப் புலம் 10 டிகிரிக்குள் சுருங்கியிருந்தாலோ அது பார்வையின்மை. அப்படிச் சான்றிதழ் வாங்கியவர்களில் பலருக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் பரம்பரை விழித்திரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுதல். அவற்றில் ஒன்றான ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ளவர் பகலில் ஓரளவு நடப்பார். சாயங்காலம் ஆனதும் ஒன்றும் தெரியாது. அவருக்கு அகலமாக ஒளி பரப்பும் நல்ல டார்ச்சைக் கோல் பிடியில் பொருத்திக் கொடுத்தால், நீங்கள் செய்யும் மற்ற எதையும்விட அது அதிகம் உதவலாம். பரிசு கிடைக்காத ப்ராஜெக்ட்தான். ஆனால் அவர் ஏழு மணிக்கு மேலும் கடைக்குப் போய் வருவார்.

கடைசியாகச் சோதனை. உங்கள் நண்பனின் கண்ணைக் கட்டி நடக்கவிட்டு வீடியோ எடுக்காதீர்கள். கண்ணைக் கட்டியவன் பார்வை போன முதல் நாள் மனிதனைப்போலப் பதறுவான். பல வருடம் கோலுடன் நடந்தவருக்கு என்ன தேவை என்று அவனுக்குத் தெரியாது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், பார்வையற்றவர் சங்கங்களில் கேளுங்கள். டிசைன் முடிந்தபிறகு போகாதீர்கள், ஒரு கம்பிகூட வாங்குவதற்கு முன்னால் போங்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாவது வேண்டும். தெரியாதவர் கை பிடித்து இழுக்கும் தொல்லையைப் பெண்கள்தான் சரியாகச் சொல்வார்கள், அதற்கேற்ப உங்கள் டிசைனும் மாறும். அவர்கள் நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் பணம் கொடுங்கள். முதலில் மைதானம், பிறகு சந்து, மெயின் ரோடு வேண்டவே வேண்டாம். கை எட்டும் தூரத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே நடக்கட்டும். கருவியைக் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் போய்ப் பாருங்கள், கோலில் மாட்டியிருக்கிறதா, அலமாரியில் இருக்கிறதா என்று. செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும்படி செய்யுங்கள். சர்க்கியூட் படத்தையும் பாகங்களின் பட்டியலையும் அவர் ஊர் மொபைல் ரிப்பேர் கடைக்காரர் கையில் ஒரு பிரதி கொடுத்து, ஒருமுறை பிரித்துப் பூட்டிக் காட்டிவிட்டு வாருங்கள். நீங்கள் வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு அதைச் சரிசெய்யப் போகிறவர் அவர்தான்.